பறித்து எரிக்கச் சொன்னவரும் பேசவிடாமல் தடுத்தவர்களும்

2013 ஜனவரி 27 தைப்பூசம். ஜார்ஜ் டவுனில் காவடிகள் தண்ணீர்மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதே நாளில், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு திடலில் பைபிள் எரிப்பு விழா நடக்கும் என்று பெயரில்லாத துண்டறிக்கை ஒன்று பரவியிருந்தது. அதற்கு எட்டு நாள் முன்புதான் மலாய் உரிமை பேசும் பெர்காசா அமைப்பின் தலைவர் இப்ராஹிம் அலி பினாங்கின் பெருநிலப் பகுதியில் பேசியிருந்தார். பள்ளி மாணவர்களுக்கு பைபிள் கொடுக்கப்பட்டதாக வந்த தகவலைச் சொல்லி, 'அல்லாஹ்' என்ற சொல் இடம்பெற்ற பைபிள்களை முஸ்லிம்கள் பறித்து எரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. குறித்த நாளில் திடலில் போலீஸ் இருந்தது, செய்தியாளர்கள் இருந்தார்கள். எரிப்பு நடக்கவில்லை.

நடக்காத ஒன்றை இத்தனை ஆண்டு கழித்து எடுத்துப் பேசக் காரணம், அதற்கு அரசாங்கம் சொன்ன பதில். 2014 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இப்ராஹிம் அலி மீது வழக்கு ஏன் இல்லை என்பதற்கு, அவர் இஸ்லாத்தின் புனிதத்தைக் காக்கவே பேசினார் என்று விளக்கம் வந்தது. பேச்சை முழுச் சூழலில் வைத்துப் பார்த்தால் அதில் நிந்தனைத் தன்மை இல்லை, மதக் கலவரத்தைத் தூண்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகமும் சொன்னது.

இந்த விளக்கத்தைத் தேச நிந்தனைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1948-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த அந்தச் சட்டம், பேசியவரின் எண்ணம் என்ன என்பது பொருட்டே அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சொற்களுக்கு நிந்தனைப் போக்கு இருந்தால் போதும், நல்ல எண்ணத்தில் பேசினேன் என்று யாரும் தப்ப முடியாது. பினாங்கு பெற்ற பெரிய வழக்கறிஞர் கர்ப்பால் சிங் அப்படித் தப்பவில்லை. பேராக் மாநில ஆட்சி மாற்றத்தில் சுல்தான் எடுத்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்று 2009-இல் அவர் சொன்னது ஒரு சட்டக் கருத்து. அதற்காக 2014-இல் அவரைக் குற்றவாளி என்றார்கள், 4,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அவர் இறந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து, 2019-இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர் உதயகுமாரும் தப்பவில்லை. மலேசிய இந்தியர்களின் நிலை குறித்து 2007-இல் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கடுஞ்சொற்களைப் பயன்படுத்தியிருந்தார். அதற்காக 2013 ஜூனில் இரண்டரை ஆண்டுச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. பைபிளைப் பறித்து எரிக்கச் சொன்னதும், ஒரு கடிதத்துக்காக ஒருவர் சிறைக்குப் போனதும் ஒரே ஆண்டில் நடந்தவை.

வெறுப்பைக் கக்கும் பொதுப் போராட்டத்துக்குப் பேச்சுரிமை காப்பாக நிற்க வேண்டுமா என்ற கேள்வியை நம் ஊரில் வைத்துக் கேட்கும்போது, இந்த உண்மையை முதலில் எடுத்து வைத்தாக வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்த வாதம் நடுநிலையான ஓர் அரசை முன்வைத்துத் தொடங்குகிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று, அதன் எல்லையை எங்கே போடலாம் என்பதுதான் அங்கே பேச்சு. நம்மிடம் எல்லை ஆளைப் பார்த்து நகர்ந்திருக்கிறது. இங்கே வெறுப்புப் போராட்டம் காப்புப் பெற்றபோதெல்லாம் அதைக் காத்தது பேச்சுரிமை அல்ல, செல்வாக்கு.

ஜார்ஜ் டவுனிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2006 மே 14 அன்று, ஜாலான் பினாங்கில் உள்ள சிட்டிடெல் ஹோட்டலில் 'ஆர்ட்டிகல் 11' கூட்டணி ஒரு கருத்தரங்கு நடத்தியது. கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு மத சுதந்திரத்தைப் பற்றியது. முந்தைய டிசம்பரில்தான் எவரெஸ்ட் ஏறச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி இறந்திருந்தார். அவர் முஸ்லிமாக மாறிவிட்டார் என்று மத இலாகா சொன்னது. மனைவி அதை மறுத்தார். தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்றது உயர் நீதிமன்றம். உடலை முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது நாளை யாருக்கும் நேரலாம் என்ற பதைப்புத்தான் கருத்தரங்குக்கு ஆள் சேர்த்தது. ஹோட்டலுக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் திரண்டு கோஷமிட்டார்கள். போலீஸ் உள்ளே வந்து, கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொன்னது. அரங்கு பாதியில் கலைந்தது. ஜூலையில் ஜோகூர் பாருவிலும் எதிர்ப்புக் கூட்டம் திரண்டது. அதன்பின் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி, அவரும் பினாங்குக்காரர்தான், இப்படிப்பட்ட கூட்டங்களையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை நம் வட்டாரத்தில் இந்த விஷயத்துக்கு இதைவிடத் துல்லியமான உரைகல் கிடையாது. வெளியே நின்றவர்களுக்குக் கோஷம் போட உரிமை இருந்தது. உள்ளே பேசப்படுவது தங்கள் மதத்துக்கு ஆபத்து என்று நம்பவும், அதைக் கத்திச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சொன்னதில் வெறுப்பு இருந்திருந்தாலும் அது போகாது. அவர்களுக்கு இல்லாத உரிமை ஒன்றுதான்: உள்ளே பேசுபவரை நிறுத்துவது. அந்த இல்லாத உரிமையைத்தான் போலீஸ் அன்று அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தது. அமைதி குலையும் என்ற கவலை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் குலைக்க வந்தவர் வெளியே இருக்க, கலைக்கப்பட்டது உள்ளே இருந்தவர்கள். கூட்டம் திரட்டினால் எதிராளியின் வாயை அடைக்கலாம் என்ற பாடத்தை அன்று எல்லாத் தரப்பும் கற்றுக்கொண்டது.

இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று. 2008 ஆகஸ்டில் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் பிரசாரத்தில், அன்றைய ஆளுங்கட்சியான அம்னோவின் புக்கிட் பெண்டேரா தொகுதித் தலைவர் அகமட் இஸ்மாயில் சீனர்களை வந்தேறிகள் என்று பேசினார். அம்னோ அவரை மூன்று ஆண்டு இடைநீக்கம் செய்தது. அந்தப் பேச்சைச் செய்தியாக்கிய சின் சியூ நாளேட்டின் பெண் நிருபரோ செப்டம்பர் 12 அன்று, விசாரணையின்றி அடைத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவில் கைதானார். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் பிடித்தோம் என்றார் உள்துறை அமைச்சர். நாடே கொதித்ததால் ஒரு நாளுக்குள் விட்டுவிட்டார்கள். அடித்தவனை விட்டுவிட்டு அழுதவனைப் பிடிப்பது என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். அகமட் இஸ்மாயிலுக்குச் சிறை வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். அவர் சொன்னது அருவருப்பான பேச்சு. அதற்கு உரிய இடத்தில் உரிய தண்டனையைக் கட்சி கொடுத்தது, கொடுத்ததும் சரி. பதில் சொல்லவும் மறுக்கவும் வாய்ப்பிருக்கும் வரை பேச்சைப் பேச்சாக விடலாம். அந்தப் பதிலுக்குத் தேவையான செய்தியைக் கொண்டுவந்தவரைக் கைது செய்ததுதான் இதில் பெரிய தீங்கு.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

முதல் எதிர்வாதம் ரத்தத்தைப் பற்றியது. இது பல இன நாடு, 1969 மே 13 இனக் கலவரம் நடந்த நாடு என்பார்கள். பினாங்குக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1998 மார்ச்சில் கம்போங் ராவாவில் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருப்பதில் எழுந்த தகராறு இந்து-முஸ்லிம் மோதலாக வெடித்ததை ஊரில் இன்னும் பலர் மறக்கவில்லை. அமெரிக்காவில் 1977-78இல், நாஜிக் கொடுமையிலிருந்து தப்பியவர்கள் பலர் குடியிருந்த ஸ்கோக்கி ஊரில் நாஜிக் கட்சி ஊர்வலம் போக விரும்பியபோது, அதற்கு உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லின. கடைசியில் அந்தக் கூட்டம் ஸ்கோக்கிக்குப் போகவில்லை, சிகாகோவில் கூடிக் கலைந்தது. இங்கே அப்படி ஒரு பரிசோதனைக்கு யார் துணிவார்கள் என்று கேட்பவரின் அச்சத்தை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. ஜெரமி வால்ட்ரன் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 2012-இல் எழுதிய நூலில் அதை வைத்தார். வெறுப்புப் பேச்சின் தீங்கு, கேட்பவர் மனம் புண்படுவதோடு நிற்பதில்லை. இந்த ஊரில் நீயும் சமமானவன், உன் பிள்ளையைப் பயமின்றிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சமுதாயம் ஒவ்வொருவருக்கும் சொல்லாமல் கொடுத்திருக்கும் உறுதியை அது தெருவிலேயே கிழித்துப் போடுகிறது என்கிறார் அவர். இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது 2009 ஆகஸ்ட் 28, ஷா ஆலம். செக்‌ஷன் 23-க்கு மாரியம்மன் கோயிலை இடம் மாற்றக்கூடாது என்று, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சுமார் ஐம்பது பேர் மாநிலப் பள்ளிவாசலிலிருந்து சிலாங்கூர் அரசுச் செயலகத்துக்கு நடந்தார்கள். கையில் வெட்டிய மாட்டுத் தலை, இன்னும் ரத்தம் காயாதது. செயலகத்தின் வாசலில் அதை வைத்தார்கள், காலால் மிதித்தார்கள், துப்பினார்கள். கோயில் வந்தால் ரத்தம் ஓடும் என்றும் குரல் எழுந்தது. அந்தக் காட்சியைப் பார்த்த இந்துக்களுக்கு உண்டானது அருவருப்பு மட்டும் அல்ல. மாடு யாருக்கு என்ன என்பது மிதித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது யாரை நோக்கி வைக்கப்பட்டது என்பது பார்த்தவர்களுக்கும் தெரிந்தது.

ஆக, மனம் புண்பட்டது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா? வைத்தால் தமிழர்களாகிய நாம் முதலில் பதில் சொல்ல வேண்டியது பெரியாரைப் பற்றி. 1929 கடைசியில் மலாயாப் பயணத்துக்காக அவர் வந்து இறங்கியது பினாங்கில். 1953-இல் திருச்சியில் அவர் பொதுவெளியில் பிள்ளையார் சிலையை உடைத்தார். பக்தர்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அவர் உடைத்தது கோயில் மூர்த்தி அல்ல, தன் கையில் இருந்த மண் பொம்மை, ஆகவே குற்றமில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. 1958-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஒரு சமூகம் புனிதமாகக் கருதுவது எதுவானாலும் சட்டம் அதைக் காக்கும், நீதிபதிக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது கேள்வி அல்ல என்றது. ஆனாலும் நாள் கடந்துவிட்டது என்று வழக்கை மேலே கொண்டுபோகாமல் விட்டது.

உச்ச நீதிமன்றத்தின் விளக்கத்தில் மரியாதை இருக்கிறது. ஆனால் விளைவில் கீழ் நீதிமன்றங்கள் பக்கம்தான் நான் நிற்பேன். என் வீட்டுப் பூஜை அறையிலும் பிள்ளையார் உண்டு. அந்தச் சிலை உடைப்பை நினைக்கும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அன்று யாருடைய பிள்ளையாரும் பறிக்கப்படவில்லை. எந்தக் கோயில் வாசலும் அடைக்கப்படவில்லை. அதற்கடுத்த நாளும் உச்சிப்பிள்ளையாருக்குப் படியேறியவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். தன் பொருளை, தன் சமூகம் பிறந்து வளர்ந்த நம்பிக்கைக்கு எதிராக, தன் பெயரைச் சொல்லி ஒருவர் உடைத்தார். அதை வெறுப்பு என்று அழைக்கலாம், அதற்கு எதிராக ஆயிரம் கூட்டம் போடலாம். சிறைக்கு அனுப்பக் கூடாது.

ஷா ஆலமில் நடந்தது வேறு. இன்ன கோயில் இன்ன இடத்துக்கு வரக்கூடாது, வந்தால் விலை கொடுப்பீர்கள் என்று குறிப்பிட்ட மக்களுக்கு விடுத்த மிரட்டல் அது. அதற்குச் சொல்லாக அமைந்தது மாட்டுத் தலை. இரண்டிலும் புண்பட்ட மனம் ஒரே அளவு இருக்கலாம். புண்ணை அளந்தால் இரண்டும் ஒன்று. செயலை அளந்தால் இரண்டும் வேறு வேறு. அதனால்தான் புண்ணை அளப்பது நீதிக்கு உதவாது என்கிறேன். யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுடைய புண்தான் பெரிதாகத் தெரியும், அவர்கள் எண்ணிக்கையில் பெரியவர்களாகவே இருப்பார்கள்.

வால்ட்ரன் சொல்லும் உறுதியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு. யார் கையில் கொடுத்துக் காப்பது என்பதில்தான் பிரிகிறேன். மாட்டுத் தலை ஊர்வலத்துக்கு 12 பேர் மீது வழக்கு வந்தது, 2010-இல் அபராதம் கட்டினார்கள், ஒருவருக்கு மட்டும் ஒரு வாரச் சிறை. ஆனால் ஊர்வலம் நடந்த ஒரு வாரத்தில் அவர்களை அழைத்துப் பேசி, அவர்கள் தரப்பை எடுத்துச் சொன்னவர் அன்றைய உள்துறை அமைச்சர். அந்த ஊர்வலத்தைக் கண்டித்து டத்தாரான் மெர்டேக்காவில் மெழுகுவர்த்தி ஏந்த வந்தவர்களில் பலரைப் பிடித்துக்கொண்டு போனது போலீஸ். இந்தக் கைகளில் 'வெறுப்பு' என்ற இன்னொரு பரந்த சொல்லையும் குற்றமாக்கிக் கொடுத்தால், அது எந்தப் பக்கம் பாயும் என்பதற்கு உதயகுமாரின் வழக்கே சாட்சி. சிறுபான்மையைக் காக்க வெறுப்புப் பேச்சுச் சட்டம் கேட்கும் நம் தலைவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கேட்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்படியானால் கோடு எங்கே? அதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு பேச்சுக்கும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கும் உரிமை தருகிறது. பேச்சுக்கு எப்போது கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் இடத்தில், ஒரு குற்றத்தைச் செய்யத் தூண்டுவதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பொது ஒழுங்கு, நல்லிணக்கம் என்ற பரந்த சொற்களை விட்டுவிட்டு இந்த ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். குற்றத்தைத் தூண்டுவது, குறிப்பிட்ட மக்களை மிரட்டுவது, அவர்கள் கும்பிடவோ கூடவோ பேசவோ முடியாதபடி உடலால் தடுப்பது: இவற்றுக்குக் காப்பு இல்லை. மற்ற எல்லா வெறுப்புக்கும், எவ்வளவு கசந்தாலும், காப்பு உண்டு.

இந்தக் கோட்டை வைத்து பட்டர்வொர்த்துக்குத் திரும்பினால், முடிவு எளிதில் வராது. யாராவது கடையில் பைபிள் வாங்கித் திடலில் நின்று எரித்திருந்தால்? அது கிறிஸ்தவர்களின் மனத்தைக் கிழிக்கும் செயல். ஆனாலும் பெரியாருக்குச் சொன்ன நியாயத்தை நான் அவருக்கு மறுக்க முடியாது. தன் பிரதி, தன் கை, பொதுத் திடல். டென்மார்க் 2023 டிசம்பரில் குர்ஆன் எரிப்பைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தபோது அது சரியான வழிதான் என்று நினைத்தவர்கள் நம்மிடையே அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புத்தகத்தின் பெயர் மாறும்போது என் நியாயம் மாறக்கூடாது.

ஆனால் இப்ராஹிம் அலி சொன்னதாக வந்த செய்தியில் 'எரி' மட்டும் இல்லை, 'பறி'யும் இருந்தது. வழக்கின் முடிச்சு அங்கேதான். இன்னொருவர் கையில் இருக்கும் வேதநூலைப் பறிப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம். அதைச் செய்யுங்கள் என்று ஒரு பேரமைப்பின் தலைவர் ஆதரவாளர்களைப் பார்த்துச் சொல்வது குற்றத்துக்குத் தூண்டுதல். சில நாளில் இடமும் தேதியும் குறித்த துண்டறிக்கையும் வந்துவிட்டது. அவரே அச்சிட்டார் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் அவர் சொல் செயலை எவ்வளவு நெருங்கி வந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது. எரிப்பு நடக்கவில்லை என்பதும் பதிலாகாது. போலீஸ் திடலில் நின்றதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பறிக்கத் தூண்டினார் என்ற ஒற்றைக் குற்றச்சாட்டில், சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் அவர் நீதிமன்றத்தில் நின்றிருக்க வேண்டும். தான் சொன்னது அதுவல்ல என்றால் அங்கே சொல்லியிருக்கலாம். தேச நிந்தனைச் சட்டம் அதற்குத் தேவையே இல்லை.

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2014 ஜனவரி 27 அதிகாலையில், ஜார்ஜ் டவுன் ஃபார்குவார் தெருவில் உள்ள அசம்ப்ஷன் தேவாலயத்தின் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். சேதம் அதிகமில்லை. அதற்கு முந்தைய நாள்தான் பினாங்கின் சில தேவாலயங்களின் முன் 'அல்லாஹ்' சர்ச்சையைத் தூண்டும் பதாகைகள் கட்டப்பட்டிருந்தன. கட்டியவர்கள் அந்தத் தேவாலயத்தார் அல்ல. இதை 2013 பேச்சின் விளைவு என்று எழுத எனக்குக் கை வராது, அதற்கு ஆதாரம் கிடையாது. இந்த இடத்தில்தான் அச்சம் பேசும்: பார், பேசவிட்டதால் குண்டு வந்தது என்று. குண்டு வீசியவரைப் பிடிப்பது போலீஸின் வேலை. அந்த வேலைக்கு மாற்றாகப் பேசுபவர்கள் அனைவருக்கும் பூட்டுப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பூட்டு எப்போதும் எளிய இலக்கைத்தான் தேடிப் போயிருக்கிறது.

2010-இல் பாடாங் கோத்தா லாமாவில், கடற்கரைத் திடலோரம், பேச்சாளர் சதுக்கம் என்று ஓர் இடத்தை மாநில அரசு ஒதுக்கியது. நாட்டிலேயே முதல் முயற்சி என்று பெருமையாகச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாளும் நேரமும் குறித்து ஓர் ஓரத்தில் பேச விடுவது சிட்டிடெல்லில் பறிபோனதைத் திருப்பித் தராது. திருப்பித் தரக்கூடியது போலீஸின் நடைமுறை. 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தில், முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி எந்தத் தரப்பும் தெருவுக்கு வருவது எளிதாகும், வெறுப்போடு வருபவர்களும் சேர்த்து. ஆகவே அடுத்த முறை ஜாலான் பினாங்கில் ஓர் அரங்கின் வெளியே கூட்டம் திரளும்போது, அந்தக் கூட்டத்தைக் கோஷமிட விட்டு, வாசலை மட்டும் மறிக்க விடாமல், உள்ளே பேசுபவர் பேசி முடிக்கும் வரை போலீஸ் அங்கே நிற்க வேண்டும். அதை எழுத்தில் ஒரு கடமையாக வைக்கும் சட்டம் வேண்டும். 1948-இன் சட்டத்தை நீக்குவோம் என்று 2012-இல் பிரதமர் நஜிப் வாக்களித்து, 2014-இல் பின்வாங்கினார். அந்த வாக்கை நிறைவேற்றும் மசோதாவிலேயே இந்தக் கடமையையும் சேர்த்து எழுதலாம்.